ஆளுக்குப் பாதி

மார்ச் 4, செவ்வாய். காலை 11.20

வேலைக்கு வந்து இரண்டு மணி நேரம். கழிவறைக்கு ஏழு முறை. ஒரு முறைகூட ஒரு மடக்குக்கு மேல் வரவில்லை.

எழுதச் சொன்னது டாக்டர். "எத்தனை தடவை போறீங்க, எப்ப வலிக்குது, எல்லாத்தையும் எழுதி வைங்க." சரி, எழுதுகிறேன். ஆனால் வலியை எப்படி எழுதுவது? நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற என்ஜினியர். தராசு, வெப்பமானி, அழுத்தமானி - எது பொய் சொல்கிறது, எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வலிக்குக் கருவி கிடையாது. உட்காருகிற இடத்துக்கு நேர் உள்ளே, பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகியவன் உருவ மறந்து போய்விட்டான். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

இரண்டு வருஷம். வயது இருபத்தொன்பது.

நாற்காலியில் நடுவில் ஓட்டை போட்ட மெத்தை. பக்கத்து மேசைக்காரன் தினமும் ஒரு தடவை "ராஜா சிம்மாசனம் ஏறியாச்சா?" என்று கேட்கிறான். அவன் தலையில் அதைக் கவிழ்க்க வேண்டும்.

மார்ச் 7

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். புராஸ்டேட் சுரப்பி ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. அதற்காகவா இத்தனை பாடு!

"மூணு தடவை கல்ச்சர் பாத்தாச்சு. கிருமி எதுவும் இல்ல. ஒரு காலத்துல இருந்திருக்கலாம். அது போயிடுச்சு, ஆனா உங்க உடம்பு மட்டும் இன்னும் சண்டையை நிறுத்தல. அதான் வீக்கம், அதான் வலி."

"அப்புறம் எதுக்கு ஆண்டிபயாடிக்?" என்றேன். ஏற்கெனவே நாலு விதம் விழுங்கி வயிறு கெட்டதுதான் மிச்சம்.

கோபப்படவில்லை. இது பழைய மருந்து, வேறு நோய்க்குக் கொடுத்தது, புதிது வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள் என்றார். கிருமியைக் கொல்வதோடு அதற்கு இன்னொரு குணமும் இருக்கிறதாம் - வீக்கத்தை அடக்கும். எலிக்கு அடக்கியிருக்கிறது. மனுஷனுக்கு அடக்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. அறுபது பேர், பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத டம்மி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கடைசியில் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் டம்மி சாப்பிட்டவர்களுக்கும் தருவார்கள்.

கையெழுத்துப் போட்டேன். டம்மி என் தலையில்தான் விழும் என்று அப்போதே தோன்றியது.

வெளியே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். காலி நாற்காலிகள் இருந்தும்.

"உக்காரலையா தம்பி?"

"முடியாது."

"அப்ப நம்ம ஆளு" என்று கை நீட்டினார். பஸ் டிரைவர். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், தொப்பை, உரத்த குரல். "தினம் எட்டு மணி நேரம் சீட்டுல. என் பொழப்பைப் பாத்தீங்களா? சமையல்காரனுக்கு நாக்கு செத்துப் போன மாதிரி!" கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சம். அவருக்கு இல்லை.

மார்ச் 10

முதல் கேப்சூல். வெள்ளை டப்பா, இருபத்தெட்டு. தினம் ஒன்று. கழிவறைக் கணக்கு எழுதுவதை விட்டுவிடப் போகிறேன். எண்ண எண்ணக் கூடுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கட்டில் முழுக்க விடைத்தாள். நான் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அவள் தலை நிமிராமல், "உனக்குக் குடுக்கற மாத்திரையில எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாடா, உன்னைப் பொறுத்துக்க" என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் ஏதாவது பண்ணேனா? அதை மட்டும் சொல்லிடு."

கல்லூரியில் கூடப் படித்தவள். என்னை உள்ளும் புறமும் அறிந்தவள். அவளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அருகில் போனால், முடிந்த பிறகு மூன்று நாளைக்குச் சுளுக்கிய மாதிரி வலி. அதற்குப் பயந்து தள்ளிப் படுக்கிறேன். தள்ளிப் படுப்பதற்குக் காரணமாக வேலை, தலைவலி, வெயில்...

"ஒண்ணும் பண்ணல" என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 28

மருந்தின் பெயரைச் சொல்லி ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "இதுவா? நான் கடை தொறந்த வருஷமே நின்னு போச்சு சார்." ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் சோதனைக்காக அவர்களே கேப்சூலில் அடைக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியே இல்லை.

ஏப்ரல் 7

நாலாவது வாரச் சோதனை. வலிக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு, நாற்பத்து மூன்றுக்கு மதிப்பெண். கூடக்கூட மோசம். போன தடவை 31. இந்தத் தடவையும் 31.

வெளியே வந்தால், டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில். கால் மேல் கால் போட்டு.

"தம்பி! முப்பதுலேர்ந்து பதினெட்டுக்கு எறங்கிடுச்சு! முந்தாநாள் கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரே மூச்சுல ஓட்டினேன். கண்டக்டர் என்னைத் தொட்டுப் பாக்கறான், உசுரோடதான் இருக்கேனான்னு!"

சந்தோஷம் அண்ணே என்றேன். அந்த நாற்காலியை அவருக்குக் கீழிருந்து உருவ வேண்டும் போல் இருந்தது. இவ்வளவு கேவலமானவனா நான்? ஆமாம்.

ஏப்ரல் 9

வழி இருக்கிறது. இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று?

கையால் அடைக்கிற கேப்சூல். மருந்துத் தூளுக்கு ஒரு கனம், டம்மி மாவுக்கு ஒரு கனம். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தராசுக்கு ஒரே மாதிரி இருக்காது. என்னிடம் ஒரு மில்லிகிராமைப் பத்தாகப் பிளந்து காட்டுகிற தராசு இருக்கிறது.

அண்ணனுக்கு போன் செய்தேன். புது டப்பாவை எடுத்துக்கொண்டு நாளை மதியம் வரச் சொன்னேன்.

ஏப்ரல் 10

சாப்பாட்டு நேரம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நானும் அண்ணனும் மட்டும்.

தராசின் கண்ணாடிக் கூண்டைக் குனிந்து பார்த்தார். "இது என்ன தம்பி, மீன் தொட்டியா?"

"பக்கத்துல மூச்சு விடாதீங்கண்ணே, எடை மாறிடும்."

"மூச்சு விடறதுக்குமா கட்டுப்பாடு? மூத்திரம் விடறதுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

அவர் டப்பாவில் பத்து, என் டப்பாவில் பத்து. என்னுடையது சராசரி 412 மில்லிகிராம். அவருடையது 431. பத்துக்குப் பத்தும் பிரிந்து நின்றன. ஒன்றுகூடக் கலக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு மருந்து, ஒண்ணு டம்மி. எது எதுன்னு தராசு சொல்லாது" என்றேன்.

தராசு சொல்லாதுதான். அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ரெண்டு டப்பாவையும் கலந்து பிரிச்சுக்கலாம்ணே. அப்ப ஆளுக்குப் பாதி மருந்து நிச்சயம்."

அவர் முகத்தைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம்ணே, அவள் பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறதுண்ணே என்று - மனைவியிடம் சொல்லாததை ஒரு பஸ் டிரைவரிடம் சொன்னேன்.

"அழாதீங்க தம்பி. ஆம்பள அழுதா எனக்குக் கை நடுங்கும், வண்டி ஓட்டணும்." தன் டப்பாவையும் என் கையில் வைத்தார். "சரி. ஆளுக்குப் பாதி. கொட்டுங்க."

கொட்டினேன்.

ஏப்ரல் 21

இன்று ஆபீஸில் முழுக் கூட்டத்தையும் உட்கார்ந்தே கேட்டேன். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்காதே.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலியை. பயத்தை. தள்ளிப் படுத்ததன் காரணத்தை. அவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஒண்ணரை வருஷமா நான் என்னென்ன நெனச்சேன்னு தெரியுமாடா, எருமை!" பிறகு அழுதாள். பிறகு வேறு ஒன்றும் எழுதப் போவதில்லை.

கேப்சூலைக் கலந்ததை மட்டும் சொல்லவில்லை. காலையில் லேசாக வலித்தது. லேசாகத்தான்.

மே 5

எட்டாவது வாரம். 31-லிருந்து 22. டாக்டர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதியாம். ஆனாலும் பேனாவை ஒரு தடவை மேசையில் தட்டினார்.

அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து சோதனையை முடித்துவிட்டிருந்தார். வாசலில் பிடித்தேன். மதில் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிண்ணே?"

"ஏதோ ஓடுது தம்பி."

"எவ்வளவு வந்துச்சு?"

"நம்பரை யாரு ஞாபகம் வெச்சிருக்கா. புது டப்பாவை எடுங்க, கலந்துடலாம்."

அவரே கேட்டார். அவரேதான் கேட்டார். இதை நான் அடிக்கோடிட்டு எழுதுவதே போதும், எனக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிய. பதினெட்டு என்ற எண்ணை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்ன மனிதர். அங்கேயே, ஆஸ்பத்திரி மதில் மேல் வைத்துக் கலந்தோம். இந்தத் தடவை எடை போடவில்லை. ஒரு தடவை பார்த்தாயிற்றே.

மே 13

நன்றாக இருக்கிறேன். அண்ணனுக்கு போன் செய்யவேண்டும். நாளைக்கு.

மே 20

என் வண்டி பழுது. அண்ணன் ஓட்டுகிற வழித்தடத்திலேயே பஸ் ஏறினேன், பார்த்துப் பேசலாம் என்று. சீட்டில் வேறு ஆள்.

கண்டக்டரிடம் கேட்டேன். "அவரா? போன வாரம் நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு எறங்கி ஓடிட்டாரு சார். வண்டி நெறைய ஜனம். பாவம், மரத்தடி வரைக்கும்கூடப் போக முடியல. எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். இப்ப டிப்போல டயருக்குக் காத்து பாக்கறாரு."

"அவருக்குத்தான் நல்லாயிடுச்சே?"

"ஆச்சு சார். நடுவுல ஒரு மாசம் நல்லாதான் இருந்தாரு. அப்புறம் என்னாச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

மே 21

வேலைக்குப் போனதும் முதல் வேலையாக என்னிடம் மிச்சமிருந்த கேப்சூல்களைத் தராசில் வைத்தேன். கனமானதைப் பிரித்து அவரிடம் கொடுத்துவிடலாம் என்று.

பிரியவில்லை. 421, 422, 420, 422, 421. எல்லாம் ஒன்று. மருந்துக்கூடத்தில் யாரோ அடைக்கிற முறையைச் சரிசெய்திருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள். இந்த மாத டப்பாவை நான் கலப்பதற்கு முன் எடை போட்டிருந்தால், கலந்தால் இனிப் பிரிக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு கருவியைப் போன மாதம் பார்த்தோம், இந்த மாதம் பார்க்க வேண்டாம் என்று எவனாவது சொன்னால் அவனை வேலையை விட்டுத் துரத்த எழுதிக் கொடுப்பவன் நான்.

மே 22

டிப்போ. அண்ணன் குந்தியும் குந்தாமலும் வளைந்து நின்று டயரில் அழுத்தமானியைச் சொருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"எவ்வளவுண்ணே?"

"இருபத்தொம்பது."

"அஞ்சாம் தேதியே அவ்வளவா? ஏண்ணே சொல்லல? ஏன் மறுபடி கலக்கச் சொன்னீங்க?"

"நீங்க நல்லாயிட்டேன்னு முகத்தை வெச்சுக்கிட்டு வந்து நின்னீங்களே தம்பி. எப்படிப் புடுங்கறது?"

என் பங்கு முழுவதையும் அவர் சட்டைப் பையில் திணித்தேன். தினம் இரண்டாகச் சாப்பிடச் சொன்னேன். சராசரிக்கு இரண்டில் ஒன்று மருந்தாக இருக்கும். "டாக்டர்கிட்ட சொல்லிடலாம்ணே" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கை. "சொல்லாதீங்க. சொன்னா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. இதுவும் இல்லாம போயிடும். இன்னும் பத்து நாள். முடிஞ்சா எல்லாருக்கும் குடுக்கறேன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. என் சீட்டு தம்பி. எனக்கு வேற தொழில் தெரியாது."

சரி என்றேன்.

மே 24

முடிந்தால் எல்லோருக்கும் கொடுப்பார்கள் - மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால். அண்ணன் அந்தப் பாதியை மறந்துவிட்டார். நான் மறக்க முடியாது, எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

டாக்டர் கையில் இருக்கும் கணக்கு இப்படி: மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு இறங்கி, மறுபடி ஏறிவிட்டது. டம்மி சாப்பிட்ட ஒருவனுக்குத் தானாக இறங்கிவிட்டது. பக்கத்துக்கு முப்பது பேர்தான். அதில் இப்படி இரண்டு. இந்த மருந்தால் பிரயோஜனம் இல்லை என்று முடிவு எழுத இது போதும். அப்புறம் அண்ணனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது, அந்தக் கூடத்தில் இனி வந்து நிற்கப் போகிற எவனுக்கும் கிடையாது.

சொன்னால் அண்ணனுக்கு இப்போதே மருந்து கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் போகலாம். போகலாம்தான் - நிச்சயம் இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் கொடுக்கும்போது அவர் இத்தனை கணக்குப் போடவில்லை.

மே 26

சொல்லிவிட்டேன்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அறுபது பேர். சேக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. வெளிய சொல்லிக்கற வியாதியா இது? ஒவ்வொருத்தரையும் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்."

"யோசனை என்னோடது. அவர் வேணாம்னுதான் இருந்தார்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. இருக்கட்டும்.

"ரெண்டு பேரும் இன்னையோட நிறுத்தணும். விதி அது. என் கையில இல்ல."

"கலக்கறதுக்கு முன்னாடி யாரோடது மருந்து? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கே தெரியாதே. நவம்பர்ல கடைசி ஆளும் முடிச்சப்புறம்தான் பிரிப்பாங்க."

"எடை வித்தியாசம் இருந்துச்சே."

"அடைச்ச நாள் வேறயா இருந்தாலும் எடை வேறயா இருக்கும்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டது டம்மியாவும் இருக்கலாம். ரெண்டுமே மருந்தாவும் இருக்கலாம். நம்பிக்கையிலயே பத்து மதிப்பெண் எறங்கும். சந்தேகத்துலயே ஏறும். அதைப் பிரிச்சுப் பாக்கத்தானே இத்தனை கட்டுப்பாடு?"

412, 431 என்று மனதுக்குள் மறுபடி கழித்துப் பார்த்தேன்.

மே 27

அண்ணன் போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து மிச்ச கேப்சூலை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"சொல்ல மாட்டேன்னீங்க."

"அண்ணே, சொல்லலன்னா அந்த மருந்தே -"

"புரியுது தம்பி. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு அறுபது பேரும் தெரியுது. எனக்கு என் சீட்டு மட்டும்தான் தெரியுது." பின்னால் டிப்போச் சத்தம். "இனிமே போன் பண்ணாதீங்க. கோவம் இல்ல. உங்க குரலைக் கேட்டா எனக்கு வலிக்குது."

வைத்துவிட்டார்.

ஜூன் 2

பன்னிரண்டாவது வாரம் இன்று முடிந்திருக்கும்.

ஜூன் 9

வேலை செய்ததா இல்லையா? அந்த ஒரு மாதம் நான் மனுஷனாக இருந்தது மருந்தாலா, அவர் கொடுத்தார் என்பதாலா? தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. அதை என் கையாலேயே ஒரு மேசையில் கொட்டிக் கலக்கினேன். பொறுக்க மாட்டாதவனுக்கு நல்ல தண்டனை: நவம்பர் வரைக்கும் பொறு.

இனி:

1. டாக்டர் சொன்ன இடுப்புத் தசைப் பயிற்சிக்குப் புதன், வெள்ளி போவது. பாதியில் விடக் கூடாது.

2. இது நோய்தான், திமிர் இல்லை என்று அண்ணனின் டிப்போவுக்கு எழுதித் தர டாக்டர் சம்மதித்திருக்கிறார். நாளை வாங்கி, அவர் ஷிப்ட் இல்லாத நேரத்தில் வாசலில் கொடுத்துவிட்டு வருவது. யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது.

3. அண்ணனுக்கு போன் செய்யக் கூடாது. செய்யக் கூடாது.

4. நவம்பரில் டாக்டர் கூப்பிடுவார். எது வந்தாலும் போய்க் கேட்பது.

5. கலந்த கதையை இன்று சாயங்காலம் அவளிடம் சொல்வது. அவள் விடைத்தாள் கட்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இடம் விடுவாள். நின்றுகொண்டேதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து மறுபடி உட்கார முடியவில்லை.